நிலம் என்னுடையது, மானியம் குத்தகைக்காரருக்கா?

கேள்வி: இல்லினாய் மாநிலம் புளூமிங்டனில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். கிரீன் கார்டு உண்டு. சேமிப்பையெல்லாம் போட்டு, பக்கத்து லிவிங்ஸ்டன் கவுண்டியில் பாண்டியாக் ஊருக்கு வெளியே 80 ஏக்கர் வாங்கினேன். அதில் ஏற்கெனவே பயிர் செய்துகொண்டிருந்தவருக்கே ஏக்கருக்கு இத்தனை டாலர் என்று பேசிப் பணக் குத்தகைக்கு விட்டுவிட்டேன். மக்காச்சோளமும் சோயாவும் போடுகிறார். பல பேர் நிலத்தைச் சேர்த்து மொத்தம் 2,000 ஏக்கர் பார்க்கிறார். அரசு மானியம் வாங்கியவர்கள் பட்டியலை அண்மையில் இணையத்தில் பார்த்தேன். அவர் பெயருக்கு நேரே 7 லட்சம் டாலர் என்று இருந்தது. எனக்கு ஒரு டாலர்கூட வந்ததில்லை. மன்னார்குடிப் பக்கம் அப்பாவின் நிலமும் குத்தகையில்தான் இருக்கிறது, ஆனால் பி.எம். கிசான் பணம் அப்பாவின் கணக்குக்குத்தான் வருகிறது. இங்கே மட்டும் ஏன் தலைகீழ்? அவர் என்னை ஏமாற்றுகிறாரா? அடுத்த ஒப்பந்தத்தில் ‘மானியத்தில் பாதி எனக்கு’ என்று எழுதிக்கொள்ளலாமா? எச்-1பி விசாவில் இருக்கும் மைத்துனரையும் சேர்த்துக்கொண்டு இன்னொரு 40 ஏக்கர் வாங்கும் யோசனையும் இருக்கிறது.

பதில்: ஏமாற்றவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இந்த வார இறுதியிலேயே அவர் வீட்டு வாசலில் போய் நின்றுவிடுவீர்கள் போலிருக்கிறது. வேண்டாம். இந்தப் பகுதி விவசாயிகளுக்கு வரிக்கணக்கு பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல குத்தகைக்காரர் கிடைப்பது நல்ல நிலம் கிடைப்பதைவிடக் கஷ்டம்.

ஊரில் அப்பாவுக்கு வருவது நில ஆவணத்தைப் பார்த்துக் கொடுக்கும் பணம். வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போகும். வயலில் இறங்கி நாற்று நடுகிற குத்தகைக்காரருக்கு அதில் ஒன்றும் இல்லை. டெல்டாவில் இதைப் பற்றிப் புலம்பாத குத்தகை விவசாயி கிடையாது. அமெரிக்கப் பயிர் மானியம் வேறு கேள்வி கேட்கிறது: விளைச்சலோ விலையோ விழுந்தால் யாருக்கு அடி? அடி வாங்குகிறவருக்கே பணம். உங்கள் ஒப்பந்தப்படி மழை பொய்த்தாலும், சிகாகோ சந்தையில் மக்காச்சோளம் சரிந்தாலும் உங்கள் குத்தகைப் பணம் குறையப் போவதில்லை. நட்டம் முழுக்க அவருடையது. அதனால் மானியமும் முழுக்க அவருடையது. உங்கள் அப்பாவின் குத்தகைக்காரர் பாண்டியாக்கில் பயிர் செய்துகொண்டிருந்தால் அவருக்குத்தான் பணம் வந்திருக்கும், அப்பாவுக்கு அல்ல.

இப்போது அந்த 7 லட்சம். நீங்கள் பார்த்தது என்விரான்மென்டல் ஒர்க்கிங் குரூப் என்ற அமைப்பு நடத்தும் பட்டியலாக இருக்கும். கவுண்டி, அஞ்சல் குறியீடு என்று யார் பெயரை வேண்டுமானாலும் தேடலாம். புதிதாக நிலம் வாங்கிய எல்லோரும் முதல் மாதத்திலேயே செய்கிற வேலை இது, தவறில்லை. ஆனால் அதில் முதலில் கண்ணில் படும் தொகை ஒரு வருடத்துக்கானது அல்ல, 1995இலிருந்து கூட்டிக்கொண்டே வந்தது. சுமார் 30 வருடம் என்று வகுத்துப் பாருங்கள், வருடத்துக்கு 23,000 டாலர் சொச்சம். இத்தனை காலமும் அவரிடம் அதே 2,000 ஏக்கர்தான் இருந்தது என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு 12 டாலர்கூட இல்லை. உங்கள் 80 ஏக்கரின் பங்கு வருடத்துக்கு 930 டாலர் அளவுக்கு வரும். நீங்கள் அவரிடம் வாங்கும் குத்தகையோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

அந்தத் தொகையும் வருடா வருடம் ஒழுங்காக வந்ததில்லை. 2013 வரை விலை எப்படி இருந்தாலும் ‘நேரடிப் பணம்’ என்று ஒன்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள், 2014 சட்டத்தில் அதை எடுத்துவிட்டார்கள். 2018இல் சீனாவோடு வரிச் சண்டை வந்து சோயா விலை விழுந்ததும் வேறொரு திட்டம் வந்தது: சோயாவுக்கு புஷெலுக்கு (தானியம் அளக்கும் அமெரிக்க அளவு) 1.65 டாலர், மக்காச்சோளத்துக்கு ஒரே ஒரு சென்ட். அடுத்த வருடம் அதையே ஏக்கர் கணக்குக்கு மாற்றி, கவுண்டிக்குக் கவுண்டி 15 முதல் 150 டாலர் வரை கொடுத்தார்கள். 2020இல் கொரோனா உதவி. 2025 மார்ச்சில், 2024 பயிருக்கான அவசர உதவி என்று மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு 42.91 டாலரும் சோயாவுக்கு 29.76 டாலரும் அறிவித்தார்கள். முதலில் கைக்கு வந்தது அதில் 85 சதவீதம்தான். உங்கள் நிலத்தில் பாதிக்குப் பாதி இரண்டும் போட்டிருந்தால், முழு விகிதத்தில் பார்த்தாலும் 2,900 டாலர் சொச்சம். இப்படி அவசரத்துக்கு அவசரம் வந்த பணம்தான் அந்தப் பட்டியலில் சில வருடங்களைத் தூக்கிக் காட்டும்.

இன்னொன்று, உண்மையிலேயே பெரிய மானியம் அந்த மனிதரின் பெயருக்கு நேரே இருக்கவே இருக்காது. பயிர்க் காப்பீட்டு பிரீமியத்தில் நாடு முழுக்கச் சராசரியாகப் பத்தில் ஆறு பங்கை அரசே கட்டுகிறது. யாருக்கு எவ்வளவு என்று பெயரோடு வெளியிடச் சட்டம் விடுவதில்லை. பட்டியலை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டாரை எடைபோடுவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். குத்தகைக்காரர் வாங்குவதைவிட நீங்கள் கவலைப்பட வேண்டியது உங்கள் நிலத்துக்கு எத்தனை ‘பேஸ் ஏக்கர்’ இருக்கிறது என்பதைத்தான். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிரயத்தின்போதும் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பேஸ் என்பது அந்த நிலத்தில் முன்னொரு காலத்தில் என்ன பயிர் எவ்வளவு போட்டார்கள் என்ற கணக்கை வைத்து அரசு நிலத்தோடு ஒட்டிவிட்ட அளவு. இப்போது வயலில் நிற்கும் பயிருக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. முழுக்க மக்காச்சோளம் போட்டிருந்தாலும் சோயா பேஸுக்கு சோயா விலையைப் பார்த்துப் பணம் வரும். போடாத பயிருக்குப் பணம் கொடுப்பது எனக்கு இன்றுவரை வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் விதி அதுதான், விதைக்கும் முடிவில் அரசு தலையிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்கள். ஆள் மாறினாலும் பேஸ் நிலத்தோடு போகும். நிலத்தைத் துண்டாக்கி விற்கும்போதுதான் சிக்கல். பெரிய பண்ணையிலிருந்து 80 ஏக்கரைப் பிரித்து விற்பவர், விற்கும்போதே வாங்குபவரின் கையெழுத்தோடு ஒரு குறிப்பு எழுதி, பேஸில் பெரும்பகுதியைத் தன் மீதி நிலத்தில் வைத்துக்கொள்ள முடியும். கிரய நாளில் நீட்டிய காகிதக் கட்டில் அப்படி ஒன்றிலும் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கலாம்.

அதனால் பாண்டியாக்கில் இருக்கும் வேளாண் துறை சேவை மையத்துக்குப் போங்கள். அங்கே எஃப்.எஸ்.ஏ., அதாவது பண்ணைச் சேவை முகமையின் கவுண்டர் இருக்கும். பத்திர நகலைக் காட்டி, உங்கள் பண்ணை எண்ணுக்கு ‘156இஇசட்’ வேண்டும் என்று கேளுங்கள். ஒன்றிரண்டு பக்கம்தான். மேலே பண்ணை எண், டிராக்ட் (நிலத்துண்டு) எண், பயிரிடும் ஏக்கர். கீழே பயிர்வாரியாக பேஸ் ஏக்கரும், அதற்கு நேரே மானியக் கணக்குக்கான விளைச்சலும் இருக்கும். மக்காச்சோளம் 40, விளைச்சல் 150. சோயா 35, விளைச்சல் 45 என்கிற மாதிரி. உங்கள் வயலில் இன்று 220 புஷெல் விளையலாம், தாளில் பழைய 150தான் இருக்கும், பதற வேண்டாம். உரிமையாளர் பெயர் இன்னும் பழையவருடையதாக இருந்தால் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.

அந்தத் தாளை வைத்தே கணக்குப் போடலாம். சந்தை விலை, சட்டம் குறித்த ஆதார விலைக்குக் கீழே போனால் அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மானியம். 2025 ஜூலையில் வந்த சட்டம் மக்காச்சோளத்தின் ஆதார விலையை 3.70இலிருந்து 4.10 டாலராக உயர்த்தியது, சோயாவை 8.40இலிருந்து 10 டாலராக. முந்தைய வருடங்களின் சந்தை விலை நன்றாக இருந்திருந்தால் இது 15 சதவீதம் வரை இன்னும் ஏறும், அதை இப்போதைக்கு விடுவோம். வருடச் சராசரி விலை 3.90இல் நின்றால் வித்தியாசம் 20 சென்ட். அதை 150ஆல் பெருக்கி, 85 சதவீதம் எடுத்து, 40 ஏக்கரால் பெருக்கினால் 1,020 டாலர். விலை 4.10ஐத் தொட்டுவிட்டால் பூஜ்ஜியம். விலையை மட்டும் பார்க்காமல் கவுண்டியின் சராசரி வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் இன்னொரு வழியும் உண்டு. 2025 பயிருக்கு மட்டும் இரண்டில் எது அதிகமோ அது தானாகவே கிடைக்கும். பணம் வருவது 2026 அக்டோபரில். ஆமாம், அறுவடை முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான்.

அதே சட்டத்தில் உங்களுக்கு உபயோகமான ஒன்று இருக்கிறது. நாடு முழுவதும் 3 கோடி ஏக்கர் வரை புதிய பேஸ் சேர்க்கிறார்கள். 2019 முதல் 2023 வரை உங்கள் நிலத்தில் விதைத்தது இருக்கும் பேஸைவிட அதிகமாக இருந்தால் 2026 பயிரிலிருந்து அது கூடலாம். இது நில உரிமையாளர் சம்பந்தப்பட்டது, எஃப்.எஸ்.ஏ.வின் கடிதம் உங்கள் பெயருக்கு வரும். குப்பைத் தபால் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேஸ் கூடினால் அதன் பலன் குத்தகை பேசும்போதும் தெரியும், விற்கும்போதும் தெரியும். (ஒரு கோடியில் வெண்டையும் கத்தரியும் போடலாம் என்ற ஆசை நம் எல்லோருக்கும் வரும். பேஸில் 15 சதவீதம் வரை காய்கறிக்குத் தடை இல்லை. அதற்கு மேல் போனால் ஏக்கருக்கு ஏக்கர் மானியம் குறையும்.)

அடுத்து, ‘பாதி எனக்கு’ என்ற உங்கள் ஷரத்து. எழுதாதீர்கள். பணக் குத்தகையில் மானியத்துக்கு உரியவர் பயிரில் நட்டம் தாங்குகிறவர் என்று விதி இருக்கும்போது, அதை வேறு வழியில் உங்கள் பைக்குத் திருப்பினால், விதியை ஏய்க்கும் ஏற்பாடு என்று எடுத்துக்கொள்ள இடம் கொடுத்தது போலாகும். அப்படி ஆனால் அவருக்கும் பணம் நிற்கும், கொடுத்ததைத் திரும்பவும் கேட்பார்கள். அதோடு, உங்கள் புகாரையோ அவர் முறையீட்டையோ முதலில் விசாரிப்பது கவுண்டி கமிட்டி. உள்ளூர் விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கமிட்டி அது. அதில் இருப்பவர்கள் அவரோடு காலையில் காபி குடிப்பவர்களாக இருப்பார்கள். புளூமிங்டனிலிருந்து வந்த நீங்கள் யார் என்று அவர்களுக்கு இனிமேல்தான் தெரிய வேண்டும்.

மானியத்தில் நேர்மையாகப் பங்கு வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது, நம் ஊரில் வாரம், அதாவது விளைச்சலில் பங்கு, என்பதுதான். மத்திய இல்லினாயில் பாதி வாரம் பழைய வழக்கம். விதை, உரம், மருந்துச் செலவில் பாதி உங்களுடையது. இயந்திரமும் உழைப்பும் அவருடையது. விளைச்சலில் ஆளுக்குப் பாதி. பயிரில் பங்கு இருப்பதால் மானியத்திலும் உங்களுக்குப் பாதி நேராக உங்கள் கணக்குக்கு வரும். நிலத்தைக் கொடுத்துப் பங்கு வாங்கும் உரிமையாளர் என்பதால் நீங்கள் வயலில் இறங்கி வேலை செய்ய வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். கிரீன் கார்டு இருப்பதால் குடியுரிமைத் தடையும் இல்லை. வருமான வரம்பு 9 லட்சம் டாலர், உங்களுக்கு அது பிரச்சினையாக இருக்காது என்று நம்புகிறேன். இருந்தால் வாழ்த்துகள்.

ஆனால் யோசித்துச் செய்யுங்கள். வசந்தத்தில் உரக் கம்பெனி பில் வரும், பாதியைக் கட்ட வேண்டும். உங்கள் பங்கு தானியத்தை எப்போது விற்பது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் பங்குக்குப் பயிர்க் காப்பீடும் நீங்களே எடுக்க வேண்டும், கடைசி நாள் மார்ச் 15. எஃப்.எஸ்.ஏ.வில் சி.சி.சி.-902, வருமானச் சான்றுக்கு சி.சி.சி.-941, மண்ணரிப்பு மற்றும் ஈரநில உறுதிமொழிக்கு ஏ.டி.-1026 என்று படிவங்கள். ஒவ்வொன்றுக்கும் பாண்டியாக் ஓட முடியாவிட்டால் எஃப்.எஸ்.ஏ.-211 என்ற அதிகாரப் பத்திரத்தில் அந்த விவசாயிக்கே கையெழுத்து அதிகாரம் கொடுத்துவிடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். வரிக்கணக்கும் மாறும். இப்போது குத்தகையை ஷெடியூல் ஈயில் காட்டுகிறீர்கள். வாரமானால், நிர்வாகத்தில் பெரிதாகத் தலையிடாதவரை, 4835 படிவம்.

இத்தனையும் எதற்கு? நல்ல வருடத்தில் பணக் குத்தகையைவிட வாரத்தில் கூடவே கிடைக்கும். கெட்ட வருடத்தில் நிலவரி கட்டவே இழுபறியாகும், அந்தக் குழியை 1,020 டாலர் மானியத்தில் உங்கள் பாதி நிரப்பாது. சேமிப்பையெல்லாம் இதில் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கடன் தவணையும் இருந்தால் என் வோட்டு பணக் குத்தகைக்கே. இரண்டுக்கும் நடுவே, அடிப்படைத் தொகையோடு விலையும் விளைச்சலும் ஏறினால் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும் குத்தகையும் இங்கே உண்டு. அதை எழுதும் விதத்தைப் பொறுத்து எஃப்.எஸ்.ஏ. அதை வாரம் என்றும் கொள்ளலாம், பணக் குத்தகை என்றும் கொள்ளலாம். எனவே கையெழுத்துப் போடும் முன் வரைவை அவர்களிடம் காட்டிக் கேளுங்கள்.

உண்மையில் மானியத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே உங்கள் கைக்கு வந்துகொண்டிருக்கிறது. மானியம் வரும் என்ற நம்பிக்கையில்தான் விவசாயிகள் இவ்வளவு குத்தகை கொடுக்கத் துணிகிறார்கள். ஏக்கர் கணக்கில் கொடுப்பதால் ஏக்கர் அதிகம் உள்ளவருக்குப் பணமும் அதிகம், அந்தப் பணத்தோடு அவர் அடுத்த நிலத்துக்கும் கூடுதலாகக் கேட்கிறார். ஒரு நபருக்கு, 2025 பயிருக்கு 1,55,000 டாலர் என்று, உச்சவரம்பு இருக்கிறது, ஆனால் கூட்டாகப் பண்ணை நடத்தினால் பங்காளிக்குப் பங்காளி தனி வரம்பு. சிறு விவசாயியைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு நடப்பது இதுதான், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனால் அது உங்கள் குத்தகைக்காரரின் குற்றம் அல்ல.

ஆகவே பேச வேண்டியது குத்தகைத் தொகையைப் பற்றி. வேளாண் துறை வெளியிடும் கவுண்டிவாரி சராசரி, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஃபார்ம்டாக் கணக்குகள் இரண்டையும் பாருங்கள், உங்கள் மண்ணின் தரத்துக்கு எவ்வளவு நியாயம் என்று பிடிபடும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் வாய்ப்பேச்சில் வருடா வருடம் ஓடுகிற குத்தகை என்றால், அதை முடிக்கவோ புதிதாகப் பேசவோ இந்த மாநிலத்தில் பயிர் வருடம் முடிய நான்கு மாதம் முன்பே எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் பிப்ரவரி கடைசியில் முடிவதால், நோட்டீஸ் அக்டோபர் 31க்குள் போய்ச் சேர வேண்டும்.

கடைசியாக மைத்துனர் விஷயம். இதைத்தான் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், கைச்சேதம் வருவது இங்கேதான். 1978ஆம் ஆண்டின் சட்டப்படி, குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் விவசாய நிலம் வாங்கினால் 90 நாளுக்குள் எஃப்.எஸ்.ஏ.-153 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். எச்-1பியில் இருப்பவர் இந்தச் சட்டத்துக்கு வெளிநாட்டவர்தான், எத்தனை வருடம் இங்கே வரி கட்டியிருந்தாலும் சரி. தவறினால் அபராதம் அந்த நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம். எல்.எல்.சி. என்ற வகை நிறுவனம் ஒன்றை ஆரம்பித்து அதன் பெயரில் வாங்கினால் தப்பிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அதில் அவர் பங்கு 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அதுவும் தெரிவிக்க வேண்டியதுதான். 2025 ஜூலைக்குப் பிறகு வேளாண் துறை வெளிநாட்டவர் வாங்கும் நிலத்தை இன்னும் உன்னிப்பாகப் பார்க்கிறது.

மானியமும் அவர் பங்குக்கு வராது. வெளிநாட்டவர் என்றால் நிலமும் முதலும் போட்டால் போதாது, கணிசமான அளவு சொந்த உழைப்பையும் போட வேண்டும். புளூமிங்டனில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவரால் அதைக் காட்ட முடியாது. அவர் கிரீன் கார்டு வரும் வரை காத்திருந்தால் நல்லது. இப்போதே வாங்குவதாக இருந்தால், 156இஇசட் தாளை விற்பவரிடம் கேட்டு வாங்கி பேஸ் எவ்வளவு என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள், 153 படிவத்தைக் கிரய நாளுக்கு முன்பே நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள்.